உச்சிப்பிள்ளையாருக்கு முன்னால் மகேந்திரவர்மனைப் பாருங்கள்

"டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு திருச்சி வருகிறோம். மலைக்கோட்டையில் பல்லவர் காலத்துக் குகைக் கோயில் இருப்பதாகப் படித்தேன். ஏறி இறங்கிய சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எங்கே இருக்கிறது, அதில் என்ன பார்க்க வேண்டும்? மாமியாருக்கு முழங்கால் வலி, பையன்களுக்கு 9, 12 வயது. மறுநாள் இதே மாதிரி மலையும் குகையுமாக வேறு எங்காவது போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொந்தக்காரர்களைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் குகையைத் தவறவிடும்படிதான் மலையின் வழியே அமைந்திருக்கிறது. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார் என்று மூன்று சன்னதிகள். சின்னக்கடைத் தெருப் பக்கம் உள்ளே நுழைந்தால், நானூறுக்கும் மேற்பட்ட படிகள் நம்மை நேரே மேலே தள்ளிக்கொண்டு போகும். பாதிக்கு மேல் படிகள் கூரைக்குக் கீழே, பாறையைக் குடைந்த வழியில். மூச்சு வாங்கும்போது யாரும் பக்கவாட்டில் பார்ப்பதில்லை. அந்தக் குடைவரையில், அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயிலில், இன்று பூஜை கிடையாது. கற்பூரம் காட்டாத இடத்தில் நம்மவர்கள் நிற்க மாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

இடம் சொல்கிறேன். தாயுமானவர் கோயிலைத் தாண்டி உச்சிக்கு ஏறும் வழியில், கடைசி ஏற்றத்துக்கு முன்னால், படியை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கினால் பாறையில் நான்கு தூண்களோடு ஒரு மண்டபம் தெரியும். வெளியே கம்பி அடைப்பு, தொல்லியல் துறையின் பெயர்ப்பலகை. அதுதான் மேற்குடைவரை. கல்வெட்டில் அதன் பெயர் லலிதாங்குர பல்லவேஸ்வர கிருகம். கண்ணில் படாவிட்டால் "பல்லவர் குகை எங்கே?" என்று வழியில் யாரையாவது கேளுங்கள், காட்டுவார்கள். உச்சிக்குப் போய்விட்டு இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இறங்கும்போது கால் தானாகவே கீழே ஓடும், பையன்கள் உங்களுக்கு முன்னால் ஓடிவிடுவார்கள். அது போக, குடைவரையை முதலில் பார்த்துவிட்டு உச்சிக்குப் போவதற்கு வலுவான வேறொரு காரணமும் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

நேரக்கணக்கு. மலைக்கோட்டைக்கு விடியற்காலையில் போவதுதான் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். வெயில் காலத்தில் சரியான யோசனை, பாறை கொதிக்கும். ஆனால் குடைவரையின் கம்பிக் கதவைப் பகல் நேரத்தில்தான் திறப்பார்கள், ஆறரை மணிக்குப் போனால் வெளியே நின்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். மார்கழியில் ஒன்பது மணிக்கும் பாறை சுடாது. அதனால் எட்டரை வாக்கில் அடிவாரத்தில் இருங்கள். தாயுமானவர் சன்னதியை நண்பகலில் சாத்திவிட்டு மாலை நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: மாணிக்க விநாயகர், தாயுமானவர், குடைவரை, உச்சி. நிதானமாகப் போனாலும் பன்னிரண்டுக்குள் கீழே வந்துவிடலாம்.

செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும், மேலே முழுக்க வெறுங்கால்தான். பல படிகள் தேய்ந்து வழவழவென்று இருக்கும், ஈரமாக இருந்தால் பையன்களை ஓட விடாதீர்கள்.

மாமியார் விஷயம். படிகளைத் தவிர வேறு வழி இல்லை. தாயுமானவர் கோயில் வரை கூரை இருக்கிறது, பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது, நடுவில் உட்கார மண்டபங்கள் உண்டு. அவசரப்படுத்தாமல் அழைத்துப் போனால் அவர்களால் அதுவரை வர முடியும். அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். அதற்கு மேல் வெட்டவெளியில் செங்குத்தாக ஏறும் படிகள், காற்றும் பலமாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் வேதனை, அதை ஏறும்போதே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். உச்சிப்பிள்ளையாரைப் பார்க்காமல் திரும்புவதா என்று அவர் வருத்தப்பட்டால், அடிவாரத்து மாணிக்க விநாயகரைச் சொல்லிச் சமாதானப்படுத்துங்கள். விநாயகர் சதுர்த்திக்கு 150 கிலோ கொழுக்கட்டை செய்து மேலே பாதி, கீழே பாதி என்று இருவருக்கும் சமமாகத்தான் படைக்கிறார்கள். மலைக்கோட்டை நிர்வாகமே இருவரையும் வேறுபடுத்துவதில்லை.

தாயுமானவர் சன்னதியில் மாமியாருக்கு அலுக்காது. காவிரியில் வெள்ளம், அக்கரையில் தாய், இக்கரையில் பிரசவ வலியில் மகள். தாயின் உருவத்தில் சிவன் வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. சித்திரைத் திருவிழாவில் இதைச் செட்டிப்பெண் மருத்துவம் என்று நடத்துகிறார்கள். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் சாத்துவது வழக்கம். அம்மன் பெயர் மட்டுவார்குழலி. சிவன் இங்கே மேற்குப் பார்த்து இருக்கிறார். கொடிமரமோ சன்னதிக்குப் பின்பக்கம். செவ்வந்தித் தோட்டம் வைத்துப் பூஜை செய்த சாரமாமுனிவரின் பூக்களை உறையூர் மன்னனுக்காகத் திருடினார்கள், கோபித்த சிவன் உறையூர்ப் பக்கம் திரும்பினார், மண்மாரி பொழிந்து அந்த நகரம் அழிந்தது என்று தலபுராணம் சொல்கிறது. உறையூர் சங்க காலச் சோழர்களின் தலைநகர், மலைக்கு மேற்கே இப்போதும் திருச்சியின் ஒரு பகுதியாக இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார்.

இனி குடைவரை. இதில்தான் நான் நிறையப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்வித்தவன் முதலாம் மகேந்திரவர்மன், காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். குணபரன், லலிதாங்குரன், விசித்திரசித்தன் என்று தனக்குத் தானே பட்டப்பெயர் சூட்டிக்கொள்வதில் தீராத ஆசை உள்ளவன். விழுப்புரம் பக்கத்தில் மண்டகப்பட்டு என்ற ஊரில் அவன் குடைந்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது என்று பெருமையாகச் சொல்கிறது. அந்தப் பெருமைக்கு அர்த்தம் உண்டு. அதுவரை தமிழ்நாட்டில் கோயில் என்றால் பெரும்பாலும் செங்கல்லும் மரமும்தான், அவை அழிந்துவிட்டன. கல்லில் கோயில் என்ற எண்ணம் இங்கே வேர்விட்ட காலம் அது. பல்லவ நாட்டின் நடுப்பகுதி காஞ்சியைச் சுற்றி வடக்கே இருக்க, சோழர்களின் பழைய நிலத்தில், காவிரிக் கரையில் வந்து அவன் ஒரு மலையைக் குடைகிறான் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு புரிய அது தேவைப்படும்.

உள்ளே நுழைந்ததும் தூண்களைப் பாருங்கள். கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டைக் கட்டு, மேலே மறுபடி சதுரம். சதுரங்களில் தாமரைப் பதக்கம். மகேந்திரவர்மன் காலத்துத் தூண் என்று அடையாளம் காண இது போதும். பையன்களிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள்: இந்தத் தூண்களை யாரும் கொண்டுவந்து நிறுத்தவில்லை. தூணைச் சுற்றியிருந்த மலையைத்தான் வெட்டி எடுத்தார்கள். பாறை முகத்தைச் சமன் செய்து, சதுரச் சதுரமாகக் கோடு போட்டு, கோட்டில் பள்ளம் வெட்டி, நடுவில் நிற்கும் துண்டுகளை உடைத்தெடுத்து, மேலிருந்து கீழும் முன்னிருந்து பின்னுமாகப் போவார்கள். ஒரு இடத்தில் கை தவறி உடைந்தால் அங்கே ஒட்டுப்போட வழியில்லை. இது கற்பனை இல்லை. மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளில் அந்தச் சதுரங்கள் அப்படியே இருக்கின்றன, அடுத்த முறை போகும்போது காட்டுங்கள்.

குடைவரை தெற்குப் பார்த்தது. ஆனால் கருவறை நேர் எதிரே இல்லை, கிழக்குச் சுவரில் மேற்குப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள், வாசலில் துவாரபாலகர்கள். அதற்கு நேர் எதிரே மேற்குச் சுவர் முழுக்க ஒரு புடைப்புச் சிற்பம். கங்காதரர். இதற்காகத்தான் உங்களை இங்கே நிறுத்தினேன்.

ஆளுயரத்துக்கு நிற்கிறார் சிவன். ஒரு கையால் சடையின் ஒரு புரியை எடுத்து நீட்டுகிறார். மேலேயிருந்து கைகூப்பியபடி சின்னஞ்சிறு பெண்ணாகக் கங்கை இறங்குகிறாள். இன்னொரு கையில் பாம்பு. ஒரு கால் ஊன்றி நிற்க, மற்றொரு காலைக் கீழே ஒரு பூதகணம் தாங்குகிறது. மேலே பறந்து வருபவர்கள், கீழே மண்டியிட்டவர்கள், பின்னால் கை உயர்த்தி நிற்பவர்கள் என்று சுற்றிலும் கூட்டம், ஆனாலும் நெரிசல் தெரியாது. உலகத்தை அடித்துக்கொண்டு போக வந்த வெள்ளத்தை ஒருவர் தாங்குகிறார் என்ற பதற்றம் எங்கேயும் இல்லை. முகத்தில் அவ்வளவு சாவதானம். தமிழ்நாட்டில் கங்காதரரை நிறைய இடங்களில் செதுக்கியிருக்கிறார்கள், பின்னால் வந்தவற்றில் வேலைப்பாடு கூடியிருக்கிறது, நகை கூடியிருக்கிறது. இந்த நிதானம் வேறெங்கும் கூடவில்லை என்பது என் கட்சி.

சிற்பத்தின் இரு பக்கத்து அரைத்தூண்களிலும் பல்லவ கிரந்த எழுத்தில் சமஸ்கிருதச் சுலோகங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தின் அழகுக்காகக் கிட்டே போய்ப் பாருங்கள். அவற்றில் சொல்லியிருப்பது தெரிந்தால் சிற்பமே வேறு மாதிரி தெரியும். ஒரு சுலோகத்தின் கருத்து இது: சிவன் ஆறுகள்மேல் பிரியம் உள்ளவர், ஏற்கெனவே கங்கையைத் தலையில் வைத்திருக்கிறார். கண்ணுக்கு இனிய தண்ணீரும் தோட்டங்களை மாலையாகவும் கொண்ட காவிரியைக் கண்டால் அவள்மீதும் ஆசைப்பட்டுவிடுவாரோ என்று பயந்து, பார்வதி தன் தந்தையின் வீட்டை விட்டு இந்த மலைக்கே வந்து குடியிருக்கிறாள். வந்தவள், "இந்த ஆறு பல்லவனின் பிரியை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்.

எப்படி இருக்கிறது பாருங்கள். பெண்டாட்டியின் பொறாமையைச் சொல்வது போலச் சொல்லி, காவிரி தன்னுடையது என்று பட்டா போட்டுவிட்டான் மகேந்திரன். சோழ நாட்டு ஆறு, சோழர்களின் பழைய தலைநகருக்குப் பக்கத்து மலை, அதில் உமையம்மையின் வாயாலேயே பல்லவனுக்குச் சாட்சி. இன்னொரு சுலோகத்தில் சிவன் அரசனிடமே கேட்கிறார்: பூமியில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழர்களின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது? அதனால்தான் குணபரன் வானத்தைத் தொடும் இந்த மலைவீட்டை அவருக்குக் கொடுத்தானாம்.

இங்கே எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. குடைவரை பார்ப்பது தெற்கே, காவிரி ஓடுவது மலைக்கு வடக்கே. ஆற்றைப் பார்க்கவென்று கட்டிய வீட்டிலிருந்து ஆறு தெரியாது. உமைக்கு அந்த வகையில் நிம்மதிதான். நீங்கள் பார்க்க வேண்டுமானால் உச்சிக்கு ஏற வேண்டும். முதலில் குகை, பிறகு உச்சி என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுவே. அந்தச் சுலோகத்தைக் காதில் வாங்கிக்கொண்டு ஏறிப் போனால், மேலே தெரியும் ஆறு வெறும் காட்சியாக இருக்காது.

மூன்றாவதாக ஒரு சுலோகம். லிங்கத்தை வழிபடும் குணபரன், எதிர்ப்பக்கத்து நடத்தையிலிருந்து திரும்பிய ஞானம் இந்த லிங்கத்தால் உலகில் நெடுங்காலம் பரவட்டும் என்கிறான். மகேந்திரன் முதலில் சமணனாக இருந்து, திருநாவுக்கரசரால் சைவனானான் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கதைக்குப் பெரியபுராணம் ஒரு பக்கத் துணை என்றால், இந்தச் சுலோகம் கல்லில் உள்ள துணை. பெரியபுராணம் அப்படி மாறியவனைப் பல்லவ மன்னன் என்றும், அவன் திருவதிகையில் எடுத்த கோயில் குணபரவீச்சரம் என்றும் சொல்கிறது. குணபரன் இவன்தான் என்று சேர்த்துப் படித்தார்கள். எதிர்ப்பக்கம் என்பது சமணத்தைத்தான் குறிக்கிறதா, சுலோகத்தில் வேறு சிலேடை இருக்கிறதா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். கங்காதரரின் முகமே மகேந்திரனுடையது என்று சொல்பவர்களும் உண்டு. தன்னையும் இறைவனோடு கல்லில் நிலைக்கச் செய்தான் என்று கல்வெட்டில் வரும் வரிதான் அதற்கு ஆதாரம். நான் அந்த வரியைப் புலவனின் சாமர்த்தியம் என்றே எடுத்துக்கொள்கிறேன். முகத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

தமிழும் இங்கே உண்டு. வேம்பையர்கோன் நாராயணன் என்பவர் சிராமலை இறைவன்மேல் பாடிய நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்தாதி ஒன்றை இந்தக் குடைவரையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு முழுப் பிரபந்தத்தையே கல்லில் ஏற்றுவது அபூர்வம். பொடி எழுத்து, கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும்.

டிசம்பரில் வருவது உங்கள் அதிர்ஷ்டம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து தாழ்வாகப் போகும், தெற்குப் பார்த்த குடைவரைக்குள் வெளிச்சம் ஆழமாக விழும். சித்திரையில் உச்சியில் காயும் வெயில் வாசலோடு நின்றுவிடும். புடைப்புச் சிற்பத்துக்குப் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம்தான் உயிர். அதனால் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், படமும் சப்பையாக வரும். சிற்பத்தைத் தொடவும் வேண்டாம். இந்த மலையில் சும்மா நிற்கும் பாறைகளில்கூட அம்பு விட்ட இதயங்களும் பெயர்களும் கிறுக்கிக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. 12 வயதுப் பையனிடம் இதைச் சொல்லி வைப்பதில் தப்பில்லை.

பல்லவனுக்கும் முன்னால் இந்த மலைக்கு ஆள் வந்திருக்கிறார்கள். உச்சிப்பிள்ளையார் கோயில் இருக்கும் பாறைக்குப் பின்பக்கம் இயற்கையாக அமைந்த ஒரு குகை, அதில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள். தலை வைக்கும் இடம் மட்டும் சற்று உயர்த்திப் பாறையிலேயே செதுக்கிய படுக்கைகள், பக்கத்தில் எழுத்துப் பொறிப்புகள். அங்கே போகும் வழி குறுகல், ஒரு பக்கம் பள்ளம். குழந்தைகளோடு போக நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும், கற்படுக்கைகளை மறுநாள் இன்னும் வசதியான இடத்தில் காட்டுகிறேன். தமிழ்நாட்டில் மலைக்கோயில்கள் பலவற்றின் கதை இந்த வரிசையில்தான் வருகிறது: முதலில் மழைக்கு ஒதுங்கும் குகையில் துறவிகள், பிறகு குடைவரை, அதற்கும் பிறகு கல்லை அடுக்கிக் கட்டிய கோயில், மண்டபம், படி. நீங்கள் ஏறி வந்த படிகளும் மண்டபங்களும் பெரும்பாலும் நாயக்கர் காலத்தை ஒட்டியவை.

சரி, உச்சி. விபீஷணன் ரங்கநாதரைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குப் போகும் வழியில், மாடு மேய்க்கும் சிறுவனாக வந்த பிள்ளையார் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டார், விபீஷணன் துரத்த மலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார், அவன் குட்டிய வடு நெற்றியில் இன்னும் இருக்கிறது. பையன்களுக்கு இந்தக் கதை போதும். மலை 83 மீட்டர்தான், ஆனால் சுற்றிலும் சமதரை என்பதால் ஊர் முழுக்கக் காலடியில் விரியும். வடக்கே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கம். 236 அடி ராஜகோபுரத்தைத் தேட வேண்டியதே இல்லை. கொஞ்சம் கிழக்கே திருவானைக்காவல். மழை நன்றாகப் பெய்த வருடமானால் டிசம்பரில் ஆற்றில் தண்ணீர் இருக்கும், இல்லாவிட்டால் பார்வதி பயப்பட அவசியமில்லாத அளவுக்கு மணல்தான்.

"கோட்டை எங்கே?" என்று பையன்கள் கட்டாயம் கேட்பார்கள். மலையைச் சுற்றி மதிலும் அகழியுமாக இருந்தது. 1751இல் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டி. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும், ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலியை இங்கே முற்றுகையிட்டிருந்தபோதுதான், அவர்கள் கவனத்தைத் திருப்ப ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தான். மதிலைப் பிற்பாடு இடித்துவிட்டார்கள். மெயின்கார்டு கேட் மட்டும் மிச்சம், தெப்பக்குளத்திலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம்.

இறங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். மலையடியில், தெருவீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் இன்னொரு குடைவரை இருக்கிறது, கீழ்க்குடைவரை. மேலே ஏறுபவர்களில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி என்பது பெரும்பாலோர் கருத்து. சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் எதிரெதிரே கருவறை, பின்சுவரில் வரிசையாகப் பிள்ளையார், முருகன், பிரம்மா, சூரியன், கொற்றவை. மேலே ஒரே சிற்பத்தில் ஒரு அரசனின் முழுப் பெருமிதமும் இருக்கிறது. கீழே அந்த அளவு கலைநயம் கிடையாது. ஆனால் ஏழு தெய்வங்களை ஒரே கூரைக்குள் சேர்த்து வைத்த ஏற்பாடு யோசிக்க வைக்கும். கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கதவு பூட்டியிருந்தால் காவலரை விசாரியுங்கள், பெரும்பாலும் அக்கம்பக்கத்தில்தான் இருப்பார்.

ஒரு எச்சரிக்கை. மார்கழி ஸ்ரீரங்கத்துக்கு வைகுண்ட ஏகாதசி மாதம். பகல் பத்து, இராப் பத்து நாட்களில் ஊரே நிரம்பி வழியும், சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி வண்டி நகராது. தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு அறையை முன்பே பிடித்துவிடுங்கள்.

மறுநாள் புதுக்கோட்டைச் சாலையில் போங்கள். இரண்டு இடம் போதும், நான்கைந்தை ஒரே நாளில் அடைக்காதீர்கள். முதலில் நார்த்தாமலை. மேலமலை என்ற மொட்டைப் பாறையில் மெதுவாக ஏறினால், மேலே விஜயாலய சோழீச்சுரம். பெயரில் சோழர் இருந்தாலும், சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்தது என்றும், மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்றும் கல்வெட்டு சொல்கிறது. இந்தப் பகுதியை ஆண்ட முத்தரையர் என்ற சிற்றரசர்கள் காலத்துக் கற்றளி, அதாவது கல்லை அடுக்கிக் கட்டிய கோயில். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். அதற்கு எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். சின்னது பழியிலி ஈச்சுரம். பெரியதற்குச் சமணர் குடகு என்று பெயர், ஆனால் உள்ளே போனால் சுவரில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு விஷ்ணு சிற்பங்கள் வரிசையாக நிற்கும். ஒரே அச்சில் வார்த்தது போல முதலில் தோன்றும், நின்று பார்த்தால் ஒவ்வொன்றிலும் சிறு வேறுபாடுகள் தெரியவரும். பையன்களை வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முன்னால் உள்ள அடித்தளத்தில் யானையும் யாளியும் ஓடும். மலைக்கோட்டையின் நெரிசலுக்கு நேர்மாறு, சில நாள் உங்களைத் தவிர ஒரு ஆள் இருக்காது.

அங்கிருந்து சித்தன்னவாசல். நான் சொன்ன கற்படுக்கைகளை இங்கே பாருங்கள். ஏழடிப்பட்டம் என்ற இடத்தில் 17 படுக்கைகள், ஒன்றில் கி.மு. காலத்துத் தமிழ் பிராமிக் கல்வெட்டு. படி வெட்டிக் கம்பி போட்டிருக்கிறார்கள், பையன்களால் முடியும். மாமியார் கீழே அறிவர் கோயிலைப் பார்க்கட்டும். அதுவும் குடைவரைதான், விதானத்தில் தாமரைக் குளமும் மீனும் யானையும் பூப்பறிக்கும் துறவிகளும், தூண்களில் நடனப் பெண்களும் ஓவியமாக இருக்கின்றன. மிகவும் மங்கிவிட்டன, உள்ளே போனதும் இருட்டுக்குக் கண் பழகும் வரை பேசாமல் நில்லுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்ரீமாற ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில் இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. இங்கே நுழைவுச்சீட்டு உண்டு, மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். நார்த்தாமலையைக் காலையிலும் இதை மதியத்துக்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நார்த்தாமலை மேலே கடை, கழிப்பறை எதுவும் கிடையாது. தண்ணீரும் தின்பதற்கு ஏதாவதும் திருச்சியிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.